புனித பொலிக்கார்ப்பைப் படிக்கத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

"86 ஆண்டுகளாக அவருக்குப் பணி செய்துவருகிறேன். அவர் எனக்கு ஒரு தீங்கும் செய்ததில்லை. என்னை மீட்ட என் அரசரை நான் எப்படிப் பழிப்பேன்?" சிமிர்னா நகரின் ஆயர் பொலிக்கார்ப்பு, விளையாட்டு அரங்கில் ஆளுநர் முன் நின்று சொன்ன பதில் இது. மறையுரைகளில் அடிக்கடி கேட்டிருப்பீர்கள். பலருக்கு அவரைப் பற்றித் தெரிந்தது இந்த ஒரு பதிலோடு முடிந்துவிடுகிறது. அவர் ஆயராக இருந்ததோ 40 ஆண்டுகளுக்கு மேல். அந்த ஆண்டுகளில் அவர் யாரைக் கண்டித்தார், யாரை மன்னித்தார், எதற்கு விட்டுக்கொடுத்தார், எதற்கு மறுத்தார் என்பதையெல்லாம் தெரிந்துகொண்டால்தான் அந்தப் பதிலின் கனம் புரியும்.

தொடக்க காலத் திருச்சபையின் ஆயர்களில் பலர் நமக்கு வெறும் பெயர்கள்தாம். பொலிக்கார்ப்பு அப்படியல்ல. அவருக்கு எழுதப்பட்ட கடிதம் இருக்கிறது, அவரே எழுதிய கடிதம் இருக்கிறது, சிறுவயதில் அவரைப் பார்த்தவரின் நினைவுகள் இருக்கின்றன, அவர் இறந்ததை அவருடைய சபையே எழுதிவைத்த விவரமும் இருக்கிறது. எல்லாமே சிறியவை. இரண்டு மாலைப் பொழுதுகளை ஒதுக்கினால் படித்து முடித்துவிடலாம். புதிதாகத் தொடங்குபவருக்கு இவரைவிட நல்ல ஆளை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

முதலில் திரட்ட வேண்டியவை

வாழ்க்கைச் சுருக்கங்களை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். மூல ஏடுகளுக்கே நேராகப் போய்விடலாம். கிரேக்கம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. 19ஆம் நூற்றாண்டில் லைட்ஃபுட் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு பதிப்புரிமை தீர்ந்தது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. நடை சற்றுப் பழையதுதான். ஆனாலும் அதிகாரங்கள் சிறியவை என்பதால் ஆங்கிலம் சுமாராகத் தெரிந்தவரும் படித்துவிடலாம். "திருத்தூதர் காலத் தந்தையர்" (Apostolic Fathers) என்ற தொகுப்பில் இந்த ஏடுகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் இருக்கும்.

தேட வேண்டியவை இவை: சிமிர்னா சபை எழுதிய பொலிக்கார்ப்பின் மறைசாட்சிய மடல், அந்தியோக்கியா ஆயர் இஞ்ஞாசியார் பொலிக்கார்ப்புக்கு எழுதிய மடல், பொலிக்கார்ப்பு பிலிப்பியருக்கு எழுதிய மடல், சிறுவயதில் அவரைப் பார்த்த இரனேயு விட்டுச்சென்ற நினைவுக் குறிப்புகள். கடைசியாகச் சொன்னவற்றில் சில, 4ஆம் நூற்றாண்டில் செசரியாவின் ஆயராக இருந்த யூசேபியு எழுதிய திருச்சபை வரலாற்றுக்குள் பொதிந்திருக்கின்றன. அதில் 5ஆம் புத்தகத்தின் 20, 24 ஆகிய அதிகாரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு நோட்டுப் புத்தகமும் வேண்டும். ஒவ்வொரு செய்தியையும் எழுதும்போது, அதைச் சொன்னவர் யார், நேரில் கண்டவரா, கேட்டவரா, எவ்வளவு காலம் கழித்து எழுதுகிறார் என்பதைப் பக்கத்திலேயே குறியுங்கள். புனிதர் வரலாறுகளைப் படிப்பவர்க்கு இதைவிடப் பயனுள்ள பழக்கம் இல்லை.

படி 1: சிமிர்னா எங்கே என்று பாருங்கள்

இன்றைய துருக்கியின் மேற்குக் கரையில் உள்ள இஸ்மீர்தான் அன்றைய சிமிர்னா. வளமான துறைமுக நகரம், உரோமைப் பேரரசின் ஆசியா மாநிலத்தைச் சேர்ந்தது. வரைபடத்தில் அதற்குத் தெற்கே எபேசையும், கிழக்கே பிலதெல்பியாவையும், வடக்கே கடலோரமாகப் போனால் வரும் துரோவாவையும் குறித்துக்கொள்ளுங்கள். இந்த ஊர்கள் திரும்பத் திரும்ப வரும்.

பிறகு திருவெளிப்பாடு 2ஆம் அதிகாரத்தில் 8 முதல் 11 வரையுள்ள வசனங்களைப் படியுங்கள். சிமிர்னா சபைக்கு அனுப்பப்பட்ட செய்தி அது. அந்தச் சபை ஏழ்மையிலும் துன்பத்திலும் இருப்பதாகவும், சிலர் சிறையில் அடைக்கப்படுவார்கள் என்றும், சாகும்வரை உண்மையாய் இருப்பவருக்கு வாழ்வு முடியாகக் கிடைக்கும் என்றும் அது சொல்கிறது. பொலிக்கார்ப்பு கி.பி. 69 அல்லது 70ஐ ஒட்டிப் பிறந்திருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. முதல் நூற்றாண்டின் இறுதியில் இந்தச் செய்தி சிமிர்னாவில் வாசிக்கப்பட்டபோது அதைக் கேட்ட இளைஞர்களில் அவரும் ஒருவராக இருந்திருக்கக்கூடும்.

படி 2: அவருடைய இறப்பிலிருந்து தொடங்குங்கள்

வாழ்க்கை வரலாற்றைப் பிறப்பிலிருந்துதான் படிப்போம். இவரை மட்டும் பின்னாலிருந்து முன்னால் படிக்கச் சொல்கிறேன். அவருடைய பெற்றோர், பிள்ளைப்பருவம் பற்றி நம்பத்தக்க செய்தி எதுவும் இல்லை. கடைசி நாளைப் பற்றியோ மணிக்கணக்கில் விவரம் இருக்கிறது.

மறைசாட்சிய மடல், சிமிர்னா சபை பிலோமேலியம் என்ற ஊரின் சபைக்கு எழுதியது. 22 சிறு அதிகாரங்கள். இடையில் நிறுத்தாமல் ஒரே மூச்சில் படித்துவிடுங்கள். பிறகு 5 முதல் 8 வரையுள்ள அதிகாரங்களுக்குத் திரும்பிவந்து மெதுவாகப் படியுங்கள்.

அங்கே நடப்பது இதுதான். ஊரில் கலவரம். பொலிக்கார்ப்பு நகரிலேயே இருந்துவிட நினைக்கிறார். மற்றவர்கள் வற்புறுத்தியதால் ஊருக்கு வெளியே ஒரு பண்ணைக்குப் போகிறார். அங்கு இரவும் பகலும் எல்லாச் சபைகளுக்காகவும் மன்றாடுகிறார். தேடி வருகிறவர்கள் இரண்டு அடிமைச் சிறுவர்களைப் பிடிக்கிறார்கள். சித்திரவதை தாங்காமல் ஒருவன் இடத்தைச் சொல்லிவிடுகிறான். ஒரு வெள்ளிக்கிழமை, இரவு உணவு நேரத்தில், ஏதோ பெரிய கொள்ளைக்காரனைப் பிடிக்கப் போவதுபோல் ஆயுதங்களோடு குதிரைவீரர்கள் வருகிறார்கள். முதியவர் ஒரு சிறிய வீட்டின் மேல்மாடியில் இருக்கிறார். அங்கிருந்தும் வேறிடம் போயிருக்கலாம். "கடவுளின் விருப்பப்படி ஆகட்டும்" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கி வந்து, வந்தவர்களோடு பேசுகிறார். இந்தக் கிழவரைப் பிடிக்கவா இவ்வளவு ஆரவாரம் என்று அவர்களே வியக்கிறார்கள். அவரோ அவர்களுக்கு உணவும் குடிக்கவும் வேண்டிய அளவு பரிமாறச் சொல்கிறார். தமக்கென்று கேட்டது ஒன்றே ஒன்று: தடையில்லாமல் மன்றாட ஒரு மணி நேரம். கொடுத்தார்கள். நின்றபடியே இரண்டு மணி நேரம் மன்றாடுகிறார். வாழ்நாளில் சந்தித்த சிறியவர், பெரியவர், பேர்பெற்றவர், பேரில்லாதவர் அனைவரையும் நினைவுகூர்ந்து மன்றாடினார் என்கிறது மடல். கேட்டுக்கொண்டிருந்த வீரர்களில் பலர் இப்படிப்பட்ட முதியவரைப் பிடிக்க வந்தோமே என்று வருந்தினார்கள்.

அரங்கில் சொன்ன பதிலைவிட இந்த மேல்மாடி வீடுதான் எனக்கு அவரைக் காட்டுகிறது. தம்மைக் கொண்டுபோக வந்தவர்களுக்குச் சாப்பாடு போடச் சொல்வது அந்த நேரத்தில் யோசித்துச் செய்யக்கூடிய காரியமில்லை. வீட்டுக்கு வந்தவரைப் பசியோடு அனுப்பாத பழக்கம் பல ஆண்டுகளாக ஊறியிருக்க வேண்டும்.

அதன் பிறகு எல்லாம் விரைவாக நடக்கிறது. கழுதைமேல் ஏற்றி ஊருக்குக் கொண்டுவருகிறார்கள். காவல் தலைவன் ஏரோதும் அவன் தந்தை நிக்கேத்தாவும் தங்கள் வண்டியில் அவரை ஏற்றிக்கொண்டு, "சீசரே ஆண்டவர் என்று சொல்லி, தூபம் காட்டித் தப்பித்துக்கொள்வதில் என்ன கெட்டுவிடும்?" என்று இதமாகப் பேசிப் பார்க்கிறார்கள். மறுத்ததும் வண்டியிலிருந்து தள்ளிவிடுகிறார்கள். கணைக்காலில் அடிபடுகிறது. ஒன்றும் நடக்காததுபோல் எழுந்து நடக்கிறார்.

அரங்கில் ஆளுநர், "நாத்திகர் ஒழிக என்று சொல்" என்கிறார். உரோமையரின் தெய்வங்களை வணங்காததால் கிறிஸ்தவர்களைத்தான் அன்று நாத்திகர் என்று அழைத்தார்கள். பொலிக்கார்ப்பு அரங்கில் நிறைந்திருந்த கூட்டத்தைப் பார்த்து, அவர்களை நோக்கிக் கையை வீசி, பெருமூச்சுவிட்டு, வானத்தை அண்ணாந்து பார்த்து, "நாத்திகர் ஒழிக" என்கிறார். ஆளுநர் விடவில்லை, கிறிஸ்துவைப் பழித்தால் விடுவிப்பேன் என்கிறார். முதலில் மேற்கோள் காட்டிய பதில் இந்த இடத்தில்தான் வருகிறது.

படி 3: மடலை எழுதியவரின் கையைக் கவனியுங்கள்

இரண்டாம் முறை படிக்கும்போது சில இடங்களில் நின்று யோசிக்க வேண்டும்.

இந்தச் சாவு "நற்செய்திக்கு ஏற்ப" நடந்தது என்று முதல் அதிகாரத்திலேயே எழுதியவர் சொல்லிவிடுகிறார். வீட்டைச் சேர்ந்தவரே காட்டிக்கொடுப்பது, ஏரோது என்ற பெயர், கழுதை, வெள்ளிக்கிழமை எல்லாம் இயேசுவின் பாடுகளை நினைவூட்டும்படி அடுக்கப்பட்டிருக்கின்றன. நடந்தவற்றில் எவை முக்கியம் என்று அவர் எந்தக் கண்ணோடு தேர்ந்தெடுத்தார் என்பது இதில் தெரிகிறது. இதை வைத்து எல்லாமே கற்பனை என்று முடிவுகட்ட வேண்டியதில்லை.

4ஆம் அதிகாரம் மூன்றே வரி. தாண்டிப் போய்விடாதீர்கள். பிரிகியாவிலிருந்து வந்த குயிந்து என்பவர் தாமாகவே முன்வந்து சரணடைந்தார், பிறரையும் தூண்டினார், காட்டு விலங்குகளைக் கண்டதும் நடுங்கி உரோமையரின் தெய்வங்களுக்குப் பலியிட்டுவிட்டார். தாங்களாகவே போய்ச் சாவைத் தேடிக்கொள்பவர்களை நாங்கள் புகழ்வதில்லை என்று சபை வெளிப்படையாக எழுதுகிறது. பொலிக்கார்ப்பு பண்ணைக்கு ஒதுங்கிப் போனது கோழைத்தனம் அல்ல என்பதற்கு விளக்கம் இங்கேதான் இருக்கிறது.

பொலிக்கார்ப்பை எரித்துக் கொல்லத் தீ மூட்டினார்கள். தீ அவரைச் சுற்றிக் காற்று நிறைந்த கப்பல் பாய்போல் வளைந்து நின்றது. அவர் உடல் சுடப்படும் அப்பம்போல, உலையில் பொன்னும் வெள்ளியும்போல இருந்தது. சாம்பிராணி மணம் வந்தது என்கிறது 15ஆம் அதிகாரம். பிறகு ஒருவன் கத்தியால் குத்துகிறான். நம்மிடமுள்ள கையெழுத்துப் படிகளில் அப்போது இரத்தத்தோடு ஒரு புறாவும் வெளிவந்ததாக இருக்கிறது. இதே மடலை யூசேபியு எடுத்தெழுதியதில் புறா இல்லை. இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஓர் ஏடு கைமாறும்போது அதில் என்ன நேரலாம் என்பதற்குக் கண்முன் நிற்கும் சான்று இது. இறைப்பற்றுக்கு இதனால் குறைவில்லை.

இன்னொரு இடத்தில் மிகுந்த கவனம் தேவை. கூட்டத்தில் யூதரும் இருந்தார்கள், விறகு சேர்ப்பதில் அவர்கள் முனைப்புக் காட்டினார்கள் என்று மடல் கசப்போடு எழுதுகிறது. ஒரு நகரத்தில் இரு சமூகங்களுக்கு இடையே இருந்த பகையின் குரல் அது. அந்த வரிகளை எடுத்து ஓர் இனத்தின்மேல் பழி சுமத்தியவர்கள் வரலாற்றில் உண்டு. அத்தகைய பழி சுமத்தலை 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் தெளிவாக மறுத்திருக்கிறது. பிள்ளைகளுக்குக் கதை சொல்லும்போது "கூட்டம் கத்தியது" என்று சொன்னால் போதும்.

18ஆம் அதிகாரத்தைக் குறித்து வையுங்கள். விலையுயர்ந்த கற்களைவிட மதிப்புள்ள அவருடைய எலும்புகளைச் சேகரித்துத் தகுந்த இடத்தில் வைத்தோம், அவர் சான்று பகர்ந்த நாளை ஆண்டுதோறும் அவருடைய பிறந்தநாளாகக் கூடிக் கொண்டாடுவோம் என்கிறார்கள். புனிதர்களின் திருநாளை அவர்கள் இறந்த நாளில் கொண்டாடும் நம் வழக்கத்துக்குக் கிடைக்கும் மிகப் பழைய சான்றுகளில் இது ஒன்று.

படி 4: இளம் ஆயராக அவரைப் பாருங்கள்

இனி ஏறத்தாழ கி.பி. 110க்குப் பின்னோக்கிப் போகிறோம். அந்தியோக்கியா ஆயர் இஞ்ஞாசியார் கைதியாக உரோமைக்குக் கொண்டுபோகப்படும் வழியில் சிமிர்னாவில் தங்குகிறார். அங்கிருந்து துரோவாவுக்குப் போனபின் பொலிக்கார்ப்புக்கு மடல் எழுதுகிறார். எட்டு அதிகாரங்கள்தாம். தாம் கொல்லப்படப் போவதை அறிந்த ஒரு மூத்த ஆயர், இளைய ஆயருக்குச் சொல்லும் அறிவுரை.

நல்ல சீடரை மட்டும் நேசித்தால் அதில் உனக்கு என்ன பெருமை, தொல்லை தருபவர்களைக் கனிவால் வழிக்குக் கொண்டுவா என்கிறார். எல்லாப் புண்ணுக்கும் ஒரே மருந்து ஆற்றாது என்கிறார். கைம்பெண்களைக் கைவிடாதே, அடிமைகளை இழிவாக நடத்தாதே என்கிறார். சம்மட்டி அடி விழும் பட்டடைக்கல்லைப் போல உறுதியாய் நில் என்கிறார்.

நோட்டில் இந்த அறிவுரைகளை ஒரு பக்கமாக எழுதி, எதிர்ப்பக்கத்தைக் காலியாக விடுங்கள். அடுத்த படியில் அதை நிரப்பப் போகிறீர்கள்.

படி 5: அவருடைய சொந்தக் குரலைக் கேளுங்கள்

பொலிக்கார்ப்பு எழுதியதாக நமக்குக் கிடைத்திருப்பது பிலிப்பியருக்கு எழுதிய மடல் மட்டும். 14 அதிகாரங்கள். இஞ்ஞாசியாரின் மடல்களைத் தொகுத்து அனுப்பும்படி பிலிப்பி சபை கேட்டிருந்தது. அனுப்பும்போது கூடவே இதையும் எழுதினார். கிரேக்கப் படிகள் 9ஆம் அதிகாரத்தோடு நின்றுவிடுகின்றன. மீதியில் பெரும்பகுதி இலத்தீன் மொழிபெயர்ப்பில்தான் பிழைத்திருக்கிறது. நடை மாறினாற்போல் தோன்றினால் காரணம் அதுதான்.

முதல் வாசிப்பில் இந்த மடல் ஏமாற்றம் தரலாம். புதிதாக எதுவும் சொல்வதில்லை; பவுல், பேதுரு, யோவான் மடல்களின் சொற்களும் நற்செய்தியின் சொற்களும் வரிக்கு வரி வருகின்றன. இது பலவீனம் என்று சிலர் எழுதுவதுண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. தாம் பெற்றதைக் கூட்டாமல் குறைக்காமல் கைமாற்றுவதுதான் அவர் தமக்கென எடுத்துக்கொண்ட வேலை. பவுலின் ஞானத்துக்கு நான் ஈடாக மாட்டேன் என்று அவரே எழுதுகிறார்.

6ஆம் அதிகாரத்தையும் 11ஆம் அதிகாரத்தையும் சேர்த்துப் படியுங்கள். 6இல் மூப்பர்கள் எப்படி இருக்க வேண்டும் என்கிறார்: இரக்கம் உள்ளவர்களாய், வழிதவறியவரைத் திருப்பிக் கொண்டுவருபவர்களாய், நோயுற்ற அனைவரையும் போய்ப் பார்ப்பவர்களாய், கைம்பெண்ணையும் அநாதையையும் ஏழையையும் மறக்காதவர்களாய். 11இல் ஓர் உண்மையான சிக்கல் வருகிறது. பிலிப்பியில் மூப்பராக இருந்த வாலென்சு பண ஆசையில் விழுந்துவிட்டார். அவர் மனைவியும் அதில் சம்பந்தப்பட்டிருக்கிறார். பொலிக்கார்ப்பு பூசி மெழுகவில்லை, பண ஆசையை நேராகவே கண்டிக்கிறார். ஆனால் அவர்களுக்காக மிகவும் வருந்துவதாகச் சொல்கிறார். ஆண்டவர் அவர்களுக்கு உண்மையான மனமாற்றத்தைத் தரட்டும் என்கிறார். அவர்களைப் பகைவராக எண்ணாதீர்கள், நோயுற்ற உறுப்புகளாக எண்ணி மீட்டெடுங்கள், அப்போதுதான் உங்கள் முழு உடலும் நலம்பெறும் என்று சபையைக் கேட்டுக்கொள்கிறார்.

இப்போது நோட்டின் காலிப் பக்கத்தில் இதை எழுதுங்கள். தொல்லை தருபவரைக் கனிவால் வழிக்குக் கொண்டுவரச் சொன்ன இஞ்ஞாசியாரின் அறிவுரைக்கு எதிரே இது வந்து உட்காரும்.

படி 6: மாணவர் சொல்வதைக் கேளுங்கள்

லியோன் நகரின் ஆயரான இரனேயு சிறுவயதில் பொலிக்கார்ப்பைப் பார்த்தவர். பழைய நண்பர் புளோரினுக்கு எழுதிய கடிதத்தில், அண்மையில் நடந்தவற்றைவிட அந்த நாள்களே எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன என்கிறார். பொலிக்கார்ப்பு உட்கார்ந்து பேசிய இடம், அவர் வருவதும் போவதும், தோற்றம், மக்களிடம் ஆற்றிய உரைகள், யோவானோடும் ஆண்டவரைக் கண்ட மற்றவர்களோடும் தாம் பழகியதை அவர் சொன்ன விதம் என எல்லாவற்றையும் நினைவுகூர்கிறார். தவறான போதனையைக் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு, "நல்ல கடவுளே, இதையெல்லாம் கேட்கவா என்னை இவ்வளவு காலம் வைத்திருந்தீர்!" என்று சொல்லி அங்கிருந்து ஓடிவிடுவாராம்.

அவர் கண்டிப்பானவரும்கூட. தவறான போதனையைப் பரப்பிவந்த மார்சியன் ஒருமுறை எதிரில் வந்து "என்னைத் தெரிகிறதா?" என்று கேட்டதற்கு, "தெரிகிறது, சாத்தானின் தலைப்பிள்ளை" என்றாராம். இதுவும் இரனேயு சொன்னதுதான். வாலென்சுக்குக் காட்டிய கனிவு எங்கே, இது எங்கே என்று திகைக்கத் தோன்றும். பாவத்தில் விழுந்தவரை ஒருவிதமாகவும், பிறரைத் தவறான போதனைக்கு இழுப்பவரை வேறுவிதமாகவும் அவர் நடத்தினார் என்பது என் வாசிப்பு.

இதற்கு நடுவில் வைத்துப் பார்க்க வேண்டியது உரோமைப் பயணம். 80 வயதைத் தாண்டிய பொலிக்கார்ப்பு, அனிசேத்து உரோமை ஆயராக இருந்தபோது அங்கு போனார். ஆசியச் சபைகள் பாஸ்காவை யூத மாதமான நிசானின் 14ஆம் நாளில், அது எந்தக் கிழமையானாலும் கொண்டாடின; உரோமையில் ஞாயிறன்று கொண்டாடினார்கள். இருவரும் பேசினார்கள். யோவானிடமிருந்து பெற்ற வழக்கத்தைப் பொலிக்கார்ப்பு விடவில்லை. தம் முன்னோர் வழக்கத்தை அனிசேத்தும் விடவில்லை. உடன்பாடு ஏற்படவில்லை. ஆனாலும் அனிசேத்து மரியாதை நிமித்தம் தம் சபையில் நற்கருணையை நிறைவேற்றும்படி பொலிக்கார்ப்பிடம் கொடுத்தார். இருவரும் அமைதியோடு பிரிந்தார்கள். பின்னாளில் உரோமை ஆயர் விக்டர் இதே காரணத்துக்காக ஆசியச் சபைகளை உறவிலிருந்து விலக்க முனைந்தபோது, இரனேயு இந்த நிகழ்ச்சியைச் சுட்டிக்காட்டித்தான் அவருக்கு எழுதினார்.

படி 7: ஆண்டுகளைப் பற்றிக் குழம்ப வேண்டாம்

இறந்த ஆண்டு என்று ஓரிடத்தில் 155, ஓரிடத்தில் 156, இன்னோரிடத்தில் 167 என்று பார்ப்பீர்கள். மடலின் 21ஆம் அதிகாரம் நாளையும், ஆளுநர் ஸ்டாத்தியு குவாத்ராத்துவின் பெயரையும் தருகிறது, ஆண்டைத் தரவில்லை. அந்த ஆளுநரின் பதவிக்காலத்தை வைத்துக் கணித்தவர்கள் 155 அல்லது 156 என்கிறார்கள். யூசேபியு இதை மார்க்கு அவுரேலியு பேரரசர் காலத்தில் வைப்பதால் சிலர் 160களுக்குக் கொண்டுபோகிறார்கள். பெரும்பாலோர் முதல் கணிப்பையே ஏற்கிறார்கள். நாளைப் பொறுத்தவரை பிப்ரவரி 23 என்பது மடலிலேயே இருக்கிறது.

86 ஆண்டுகள் என்பது அவர் வயதா, திருமுழுக்குப் பெற்றதிலிருந்து கணக்கா என்றும் கேட்பார்கள். வயதாகவே கொள்வது வழக்கம்.

தேடும்போது பியோனியு என்பவர் பெயரில் வழங்கும் "பொலிக்கார்ப்பு வாழ்க்கை" என்ற ஏடும் அகப்படும். அதில் பிள்ளைப்பருவக் கதைகள் நிறைய உண்டு. அது மிகவும் பிற்காலத்தது. இஞ்ஞாசியாரைப் பற்றியோ யோவானைப் பற்றியோ அதில் பேச்சே இல்லை. வாழ்க்கைச் சுருக்கங்களில் அவருடைய இளமை பற்றி விவரமாக எழுதியிருந்தால் பெரும்பாலும் அங்கிருந்து வந்ததாகத்தான் இருக்கும். மற்றவற்றை முடித்துவிட்டுப் பொழுதிருந்தால் படிக்கலாம்.

பிறருக்குச் சொல்லப் போகிறீர்கள் என்றால்

மறைக்கல்வி வகுப்பிலோ அன்பியக் கூட்டத்திலோ பேசப் பத்து நிமிடம்தான் தருவார்கள். பிறப்பு, வளர்ப்பு என்று தொடங்கினால் நேரம் அதிலேயே போய்விடும். பண்ணை வீட்டின் மேல்மாடியிலிருந்து தொடங்குங்கள். அங்கிருந்து வாலென்சுக்கு வாருங்கள். உரோமைப் பயணம் பெரியவர்களுக்கு நன்றாகப் பொருந்தும், சிறுவர்களுக்கு விட்டுவிடலாம். தீயின் காட்சியை நீட்ட வேண்டாம். அந்த இடத்தில் 14ஆம் அதிகாரத்தில் அவர் செய்த மன்றாட்டைத் தமிழில் எழுதிவைத்து ஒருவரை வாசிக்கச் சொல்லுங்கள். "இந்த நாளுக்கும் இந்த நேரத்துக்கும் என்னைத் தகுதியுள்ளவனாக்கியதற்காக உம்மைப் போற்றுகிறேன்" என்ற வரி அதில் வரும்.

திருநாள் பிப்ரவரி 23. 1969 நாள்காட்டிச் சீரமைப்புக்கு முன் சனவரி 26இல் கொண்டாடப்பட்டது. பழைய திருப்பலிப் புத்தகம் வைத்திருப்பவர்கள் அந்தத் தேதியைச் சொன்னால் தவறு என்று எண்ண வேண்டாம். பிப்ரவரி 23 பல ஆண்டுகளில் தவக்காலத்துக்குள் விழும். அப்போது தவக்கால நாளுக்குரிய திருப்பலிதான் முன்னிற்கும். புனிதரின் மன்றாட்டை மட்டும் விருப்பமிருந்தால் சேர்த்துக்கொள்ளலாம். ஆகவே ஏதாவது ஏற்பாடு செய்வதாக இருந்தால் சாம்பல் புதன் எப்போது வருகிறது என்று முதலில் பாருங்கள். அதற்கு முந்தைய ஞாயிறு மாலையைப் பங்குத்தந்தையிடம் கேட்டு வாங்கிக்கொள்வது எளிது.